பழைய பஞ்சாங்கம் பயணத்துக்கு உதவுமா?

குரோஷியா நாட்டுக்குப் புறப்படுகிற ஒருவர் கையில், 2022-ம் ஆண்டின் தொடக்கத்தில் அச்சான வழிகாட்டிப் புத்தகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அட்டை பளபளக்கிறது, படங்களோ கண்ணைப் பறிக்கின்றன. ஆனாலும் அது பழைய பஞ்சாங்கந்தான்!

அந்நாட்டு நாணயம் ‘குனா’ என்று அதில் இருக்கும். 2023 ஜனவரி 1 முதல் அங்கே புழங்குவது யூரோ. டுப்ரோவ்னிக் நகருக்குச் சாலை வழியே போகிறவர் இடையில் போஸ்னியா நாட்டுக்குள் நுழைந்து வெளிவர வேண்டும் என்றும் எழுதியிருக்கும். 2022 ஜூலையில் பெல்யேஷாட்ஸ் பாலம் திறந்ததும் அந்தச் சிரமம் தீர்ந்தது.

இவையாவது போகட்டும், விசா விஷயந்தான் ஆபத்தானது. ஷெங்கன் நாடுகளில் 180 நாட்களுக்குள் 90 நாட்களுக்கு மேல் தங்கலாகாது. முன்பெல்லாம் குரோஷியாவில் கழித்த நாட்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை. 2023 ஜனவரி 1-ல் அந்நாடும் ஷெங்கனில் சேர்ந்துவிட்டது. பழைய புத்தகத்தை நம்பி நாட்களைக் கடத்தியவர், திரும்பும்போது அபராதம் கட்ட நேரிடலாம். அடுத்த விசாவுக்கும் தடை வரலாம்.

அதற்காகப் புத்தகத்தைப் பரணில் போட்டுவிடுவதா? வேண்டாம். ஸ்ப்ளிட் நகரில் ரோமச் சக்கரவர்த்தி டயோக்ளீஷியன் கட்டிய அரண்மனை 1,700 ஆண்டுகளாக அங்கேயே நிற்கிறது. அதனுள் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். டுப்ரோவ்னிக்கின் கோட்டை மதிலும் இடம் பெயர்ந்துவிடவில்லை. அவற்றின் கதையைச் சொல்லப் பழைய புத்தகமே போதும்.

ஆகவே, புத்தகம் வாங்குகிறவர்கள் அட்டையைப் பார்த்து மயங்காமல், உள்ளே அச்சான ஆண்டைப் பார்க்கட்டும். சரித்திரத்தைப் புத்தகத்திடம் கேட்கலாம். சட்டத்தைத் தூதரகத்திடம்தான் கேட்க வேண்டும்!