பழைய சுவரும் மூச்சு விட வேண்டும்

பினாங்கு ஜார்ஜ்டவுனிலோ மலாக்காவிலோ உள்ள பழைய கடைவீடுகளின் ஐந்தடி நடைவழியில் ஒருமுறை நடந்து பாருங்கள். பல சுவர்களில் ஒரே காட்சியைக் காணலாம். தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை சாயம் கொப்புளித்து உரிந்திருக்கும். விரலால் தடவினால் வெள்ளைத் தூள் ஒட்டும். அந்தக் கோட்டுக்கு மேலே சுவர் நன்றாகவே இருக்கும்.

வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் என்ன செய்கிறார்கள்? பழைய பூச்சைக் கொத்திவிட்டு, சிமெண்டு பூசி, அதன்மேல் ‘நீர் புகாத’ சாயம் அடிக்கிறார்கள். ஓரிரண்டு ஆண்டுகளுக்குச் சுவர் பளபளக்கும். பிறகு முன்பைவிட உயரத்தில் சாயம் உரியத் தொடங்கும். மறுபடியும் செலவு, மறுபடியும் சிமெண்டு. 2008ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற இந்த இரு நகரங்களிலும் பழைய சுவர்களுக்கு மழையும் வெயிலும் மட்டும் பகையல்ல. தவறான பழுதுபார்ப்பும் ஒரு பகைதான். ஏன் என்பதை நீங்கள் பள்ளியில் படிக்கும் அறிவியலைக் கொண்டே புரிந்துகொள்ளலாம்.

தண்ணீர் மேலே ஏறுமா?

ஏறும். காகிதத் துண்டின் நுனியைத் தண்ணீரில் வைத்தால் ஈரம் மேல்நோக்கிப் பரவுவதைப் பார்த்திருப்பீர்கள். இதற்கு நுண்புழை ஏற்றம் என்று பெயர். துளை எவ்வளவு சிறியதோ, தண்ணீர் அவ்வளவு உயரம் ஏறும். 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஏறத்தாழ 1.5 சென்டிமீட்டர்தான் ஏறும். ஆரம் அதில் நூறில் ஒரு பங்காகக் குறைந்தால் உயரம் நூறு மடங்காகி 1.5 மீட்டரைத் தொடும்.

போருக்கு முந்திய கடைவீடுகளின் சுவர்கள் சுட்ட களிமண் செங்கல்லாலும் சுண்ணாம்புக் கலவையாலும் ஆனவை. இரண்டிலும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். இன்றைய வீடுகளில் அடித்தளத்துக்கும் சுவருக்கும் இடையே ஈரத்தடுப்புப் படலம் ஒன்றை வைக்கிறார்கள். பழைய சுவர்கள் பலவற்றில் அது கிடையாது. எனவே மண்ணின் ஈரம் நேராகச் செங்கல்லுக்குள் ஏறுகிறது. நம் மொழியில் இதற்கு ‘ஓதம்’ என்று அழகான சொல் இருக்கிறது.

அப்படியானால் இந்தச் சுவர்கள் கட்டிய உடனேயே ஏன் கெட்டுப்போகவில்லை? காரணம், கீழிருந்து ஏறிய தண்ணீர் சுவரின் மேற்பரப்பு வழியாக ஆவியாகி வெளியேறிக்கொண்டே இருந்தது. ஏறும் அளவும் ஆவியாகும் அளவும் சமமாகும் உயரத்தில் ஈரம் நின்றுவிடும். சுவர் நனைந்தது, காய்ந்தது; மறுபடியும் நனைந்தது, காய்ந்தது. பழைய கொத்தனார்கள் ஈரத்தை அடைத்து வைக்கவில்லை. அது வெளியேற வழி விட்டார்கள்.

சிமெண்டுப் பூச்சும் பிளாஸ்டிக் தன்மையுள்ள சாயமும் அந்த வழியை அடைக்கின்றன. மண்ணிலிருந்து தண்ணீர் வருவது நிற்கவில்லை. வெளியேறும் வாசல் மட்டும் மூடப்பட்டது. ஆகவே ஈரம் வேறு வாசல் தேடி இன்னும் மேலே ஏறுகிறது. சிமெண்டு பூசிய சுவரில் பழுது முன்பைவிட உயரத்தில் தோன்றுவதன் இரகசியம் இதுதான்.

உப்பு செய்யும் வேலை

சுவரை உடைப்பது தண்ணீர் மட்டுமல்ல, அது சுமந்துவரும் உப்பும்தான். மண்ணிலும் கடற்காற்றிலும் உப்பு உண்டு. சிமெண்டிலும் கரையும் உப்புகள் ஓரளவு இருக்கின்றன. தண்ணீர் ஆவியாகும்போது உப்பு பின்தங்கிப் படிகமாகிறது. சுவரின் வெளிப்புறத்தில் படிகமானால் வெள்ளைத் தூளாகப் பூக்கும், துடைத்துவிடலாம். சுவருக்குள், துளைகளின் நடுவே படிகமானால்தான் ஆபத்து. வளரும் படிகம் துளையின் சுவர்களை நெருக்கித் தள்ளும். செங்கல் கொஞ்சம் கொஞ்சமாகப் பொடியாகும்.

நம் நாட்டுத் தட்பவெப்பம் இதை இன்னும் மோசமாக்குகிறது. மழை நாளில் சமையலறை உப்பு கட்டி தட்டுவதைக் கவனித்திருப்பீர்கள். காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால், சாதாரண உப்பு காற்றிலுள்ள நீராவியை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். நம் ஊரில் இரவிலும் அதிகாலையிலும் ஈரப்பதம் 90 விழுக்காட்டையும் தொடும். வெயிலான பிற்பகலில் 75க்குக் கீழே இறங்கும். அதாவது, சுவருக்குள் இருக்கும் உப்பு இரவில் கரைந்து பகலில் மீண்டும் படிகமாகலாம். வறண்ட பாலைவன நாட்டிலோ எப்போதும் ஈரமான குகையிலோ இது இவ்வளவு அடிக்கடி நடக்காது. 75ஐ மேலும் கீழுமாகக் கடந்துகொண்டிருக்கும் நம் காற்றுதான் உப்புக்கு வலிமை சேர்க்கிறது.

குழாய்க் கசிவைச் சரிசெய்த பிறகும் சில சுவர்கள் ஈரமாகவே இருப்பதற்கும் இதுவே காரணம். உப்பை நீக்காமல் ஈரத்தை முழுமையாக நீக்க முடியாது.

பத்துமலைக் கல்லும் பழைய பூச்சும்

பத்துமலைக் குகையும் ஈப்போவைச் சுற்றியுள்ள குன்றுகளும் சுண்ணாம்புக் கல்லால் ஆனவை. வேதியியலில் அது கால்சியம் கார்பனேட். அதை ஏறக்குறைய 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் கரிவளி (கார்பன் டைஆக்சைடு) வெளியேறிக் கால்சியம் ஆக்சைடு கிடைக்கும். அதில் தண்ணீர் ஊற்றினால் சூடு பறக்க, கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகும். இதுவே நீற்றிய சுண்ணாம்பு. சுவரில் பூசியதும் அது காற்றிலுள்ள கரிவளியை மெதுவாக உள்வாங்கி மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது. கல்லாகத் தொடங்கியது சுவரில் மறுபடியும் கல்லாகிறது!

இந்தப் பூச்சில் நுண்துளைகள் இருப்பதால் நீராவி தடையின்றி வெளியேறும். செங்கல்லைவிட மென்மையாக இருப்பதால் உப்பு முதலில் பூச்சைத்தான் தாக்கும். பல ஆண்டுகளுக்குப் பின் பூச்சு உதிர்ந்தால் புதிதாகப் பூசிக்கொள்ளலாம், செங்கல் பிழைத்துவிடும். தன்னைக் கொடுத்துச் சுவரைக் காக்கும் பூச்சு இது. புதிய வெள்ளையடிப்பின் காரத்தன்மையும் மிக அதிகம். அதன் பிஎச் மதிப்பு 12க்கு மேல் இருப்பதால் பூஞ்சைக்கு அது ஏற்ற இடமல்ல. அதனால்தான் நீற்றிய சுண்ணாம்பை வெறும் கையால் தொடக்கூடாது. கண்ணில் படவே கூடாது.

சுண்ணாம்புப் பூச்சுக்கும் தமிழர்களுக்கும் இந்த வட்டாரத்தில் ஒரு தொடர்பும் உண்டு. சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தியக் கைதிகளின் உழைப்பில் எழுந்தது. அதன் உட்சுவர்களுக்கு ‘மெட்ராஸ் சுனாம்’ என்ற பூச்சு பயன்பட்டது. கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் கலந்து பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். ‘சுனாம்’ என்ற பெயரிலேயே நம் ‘சுண்ணம்’ ஒலிக்கிறது.

காற்றிலிருந்து வரும் ஈரம்

எல்லா ஈரமும் மண்ணிலிருந்து வருவதில்லை. 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிக அளவாக 30.4 கிராம் நீராவியைத் தாங்கும். ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால் அதில் 24.3 கிராம் இருக்கிறது. அந்தக் காற்றை 24 டிகிரிக்குக் குளிர்வித்தால் 21.8 கிராம்தான் தாங்க முடியும். மீதி 2.5 கிராம் தண்ணீராகப் படிய வேண்டும். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள அறைக்குக் கணக்கிட்டால் 90 கிராம். ஏறக்குறைய அரைக் குவளைத் தண்ணீர்! சன்னல் இடுக்கில் வெளிக்காற்று வந்துகொண்டே இருந்தால் இந்தக் கணக்கு தொடரும்.

குளிர்ந்த நாடுகளின் வழிமுறைகளை அப்படியே இங்கே பின்பற்ற முடியாததும் இதனால்தான். அங்கே வீட்டின் உட்புறம் வெப்பமானது. நீராவி உள்ளிருந்து வெளியே போகப் பார்க்கும். அதனால் நீராவித் தடுப்புப் படலத்தைச் சுவரின் உட்பக்கம் வைப்பார்கள். இங்கே குளிர்சாதனம் ஓடும் அறையில் நிலைமை தலைகீழ். நீராவி வெளியிலிருந்து உள்ளே வருகிறது. உட்சுவரில் பிளாஸ்டிக் சுவர்த்தாள் ஒட்டினால், அந்த ஈரம் தாளுக்குப் பின்னால் சிக்கிக்கொள்ளும். சில மாதங்களில் அங்கே கரும்பூஞ்சை படரலாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது கெடுதல்.

கூரையில் தொடங்கும் வெப்பம்

நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் ஊரில் நண்பகல் வெயில் கூரையின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறத்தாழ 1,000 வாட் ஆற்றலைக் கொட்டுகிறது. தகரக் கூரையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். சூடான கூரை கீழ்நோக்கி வெப்பக்கதிர்களை வீசும். கூரைக்கு அடியில் காற்று இடைவெளி விட்டு அலுமினியத் தாளைப் பொருத்தினால், அது அந்தக் கதிர்வீச்சில் ஏறக்குறைய 95 விழுக்காட்டைத் தடுக்கும். தாள் கூரையை ஒட்டியிருந்தால் பயனில்லை. வெப்பம் கடத்தல் மூலம் இறங்கிவிடும். பளபளக்கும் பக்கம் கீழ்நோக்கி இருந்தால் தூசி படியாமல் நீண்ட நாள் உழைக்கும்.

கண்ணாடி இழைப் பஞ்சு வேறு விதமாக வேலை செய்கிறது. அதன் இழைகளுக்கிடையே சிறைப்பட்ட காற்றுதான் வெப்பத்தைத் தடுக்கிறது. ஆனால் காற்றைவிடத் தண்ணீர் 20 மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும். ஓடு ஒழுகிப் பஞ்சு நனைந்தால் வெப்பத்தடுப்பு போயிற்று. ஆகவே முதலில் ஒழுகலை அடைக்க வேண்டும், பிறகுதான் பஞ்சு.

நடுமுற்றமும் இதில் சேர்ந்ததே. சூடான காற்று முற்றத்தின் வழியாக மேலே வெளியேற, ஐந்தடி நடைவழியின் நிழலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். இடம் வேண்டும் என்று முற்றத்தை மூடியவர்கள் வீட்டின் மூக்கையே அடைத்துவிட்டார்கள்.

எதை முதலில் செய்வது?

முதலில் தண்ணீரின் மூலத்தை நிறுத்த வேண்டும். ஒழுகும் ஓடு, அடைபட்ட கால்வாய், கசியும் குழாய் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். அடுத்து, சிமெண்டுப் பூச்சை அகற்றி, ஈரமான காகிதக் கூழைச் சுவரில் அப்பி உப்பை உறிஞ்சி எடுக்க வேண்டும். பிறகு சுண்ணாம்புப் பூச்சும் நீராவி புகும் சாயமும். மண்ணிலிருந்து ஈரம் மிகுதியாக ஏறினால், வல்லுநர்கள் சுவரின் அடியில் ஈரத்தடுப்பை ஏற்படுத்துவார்கள்.

இதற்குச் சிமெண்டைவிடக் கூடுதல் காலமும் பணமும் தேவை. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்களும் குறைந்துவிட்டார்கள். ஆனால் ஓரிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் சிமெண்டு வேலையையும், இடையில் பொடியாகும் செங்கல்லையும் கூட்டிப் பார்த்தால் எது மலிவு என்பது விளங்கும். நூறு ஆண்டு நின்ற செங்கல்லைக் கடையில் வாங்க முடியாது.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

தேவையானவை: 30 சென்டிமீட்டர் சதுரமான தெளிந்த பிளாஸ்டிக் தாள், ஒட்டும் நாடா.

செய்முறை: ஈரமாகத் தோன்றும் சுவரில் தாளை வைத்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதவாறு ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள்.

முடிவு: தாளுக்கும் சுவருக்கும் இடையே நீர்த்துளிகள் இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் வெளிப்புறம் நனைந்திருந்தால் ஈரம் அறைக் காற்றிலிருந்து வருகிறது. முன்னதற்குக் கசிவையும் மண்ணையும் ஆராய வேண்டும். பின்னதற்குக் காற்றோட்டத்தையும் குளிர்சாதனத்தையும் ஆராய வேண்டும். சாயக் கடைக்குப் போவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுமாறு வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.