சீட்டைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்

போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். வண்டி ஒரு பக்கம் திரும்ப, உள்ளிருப்பவர் மறுபக்கம் சரிவார். போடி, கம்பம் பகுதிகளிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்புகளில் இது அன்றாடம். சீட் நைந்துபோனால் இடுப்புதான் முதலில் சொல்லும். காயலான் கடையில் கிடக்கும் வேறொரு காரின் சீட்டை வாங்கிப் பூட்டலாமே என்று அப்போது தோன்றும்.

பூட்டலாம். ஆனால் மெத்தையைப் பார்த்து மயங்கக் கூடாது. இலவம்பஞ்சுக்குப் பேர்போன போடிக்காரர்களுக்குத் தெரியும், பஞ்சு நாள்பட அமுங்கிவிடும். ஃபோமின் நுண்ணறைகள் அமுங்கினாலும் மீளும். அது நைந்தாலும் குஷன் கடையில் மாற்றிக்கொள்ளலாம். விபத்தில் வளைந்த இரும்புச் சட்டகத்தை அப்படி மாற்ற முடியாது.

வண்டி மோதும்போது சீட் முன்னால் பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். தன் எடையைப் போல 20 மடங்கு விசையைச் சீட்டின் பிடிமானம் தாங்க வேண்டும் என்கிறது அமெரிக்கப் பாதுகாப்பு விதி. 15 கிலோ சீட்டுக்கு அது 300 கிலோ பாரம். பெல்ட்டும் சீட்டிலேயே கோத்திருந்தால் ஆளின் பாரமும் அதே போல்ட்டுகளில்தான் விழும்.

புதுச் சீட்டின் துளைகள் பழைய தரையோடு பெரும்பாலும் பொருந்தா. கனத்த தகட்டில் பிராக்கெட் செய்ய வேண்டும். மெல்லிய தரைத்தகட்டின் அடியில் சின்ன வாஷர் மட்டும் போட்டால் போல்ட் தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். உள்ளங்கை அகல இரும்புத் தகடு வைத்தால் பாரம் பரவும். துருப்பிடித்த தரையை முதலில் சரிசெய்ய வேண்டும்.

வில்லிஸ் வழிவந்த பழைய ஜீப்புகளில் ஓட்டுநர் சீட்டுக்கு அடியிலேயே எரிபொருள் டேங்க் இருக்கும். டேங்கைக் கழற்றாமல் அங்கே வெல்டிங் வைப்பது உயிரோடு விளையாடுவது.

சீட்டின் உயரம் மாறினால் பெல்ட் இடுப்பெலும்பை விட்டு வயிற்றில் ஏறிவிடும். மோதும்போது குடலை நசுக்கும். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள சீட்டின் மஞ்சள் இணைப்பில் பட்டறையில் கைவைக்கவே கூடாது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களுக்குக் கட்டுப்பாடு விதிக்கிறது. ஆர்.சி.யில் உள்ள இருக்கை எண்ணிக்கையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

கடையில் சீட்டைக் கையால் அமுக்கிப் பார்ப்பது நம் வழக்கம். அடுத்த முறை அதைத் திருப்பிப் போட்டு, சட்டகத்தையும் சீட் நகரும் தண்டவாளத்தையும் அதன் பூட்டையும் பாருங்கள். பதினேழாவது வளைவில் நம்மைப் பிடித்து நிறுத்துவது அந்த அடிப்பக்கம்தான்.