அனுமதிப்பத்திரம் வெறும் கடதாசி அல்ல

பல்கலைக்கழகம் என்றதும் விரிவுரை மண்டபமும் நூலகமும் பட்டமளிப்பு விழாவுமே நமது நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒரு சிறு நகரத்துக்கு ஒப்பானது. அங்கே உயர்ந்த கூரைகள், கழிவுநீர்த் தாங்கிகள், மின்பிறப்பாக்கிகள், வாயுச் சிலிண்டர்கள், எளிதில் தீப்பற்றும் இரசாயனங்கள் என அனைத்தும் உள்ளன. கூரையில் ஏறுபவரும் தாங்கியினுள் இறங்குபவரும் பெரும்பாலும் ஒப்பந்தகாரர் அழைத்து வந்த நாட்கூலித் தொழிலாளர்களே. அவர்களது உயிருக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு முன்கூட்டியே விடை காண்பதற்காக உருவானதே ‘வேலை அனுமதிப்பத்திரம்’ எனும் நடைமுறையாகும்.

இங்கு இரு விடயங்களைப் பிரித்து நோக்குதல் அவசியமாகும். உரிமம் என்பது ஆளுக்கு உரியது. அனுமதிப்பத்திரம் என்பது வேலைக்கு உரியது. அவுஸ்திரேலியாவில் பாரந்தூக்கியை இயக்குபவரும் உயரமான சாரம் அமைப்பவரும் உரிய பயிற்சி பெற்று உரிமம் வைத்திருத்தல் வேண்டும். அதனை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்தலும் வேண்டும். ஆயினும் ஒருவர் எத்துணை தேர்ச்சி பெற்றவராயினும், குறித்த நாளில், குறித்த இடத்தில், குறித்த வேலையைத் தொடங்கலாமா என்பதை அவரது உரிமம் சொல்லாது. அதனைச் சொல்வது அனுமதிப்பத்திரமே. வேலை என்ன, ஆபத்து என்ன, மின்சாரமும் வாயுவும் துண்டிக்கப்பட்டுள்ளனவா, அனுமதி எத்தனை மணி வரை செல்லுபடியாகும், விபத்து நேர்ந்தால் மீட்பவர் யார் என்பன அதில் எழுதப்படுகின்றன. அனுமதி வழங்குபவரும் வேலையைப் பொறுப்பேற்பவரும் கையொப்பமிடுகின்றனர்.

இது தேவையற்ற சம்பிரதாயம் என எண்ணுவோர் 2018 ஏப்ரலில் ஹொரணையில் நிகழ்ந்த துயரத்தை நினைவுகூர வேண்டும். அங்குள்ள ஓர் இறப்பர் தொழிற்சாலையின் தாங்கியில் வீழ்ந்த தொழிலாளியைக் காப்பாற்ற முயன்றவர்களும் நச்சுவாயுவுக்குப் பலியாகினர். மொத்தம் ஐவர் உயிரிழந்தனர். அடைபட்ட இடங்களில் ஏற்படும் விபத்துகளின் கொடுமை இதுதான். கழிவுநீர்க் குழிகளில் உருவாகும் ஐதரசன் சல்பைட் வாயு முதலில் அழுகிய முட்டையைப் போல் நாறும். செறிவு கூடும்போதோ முகரும் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நீங்கிவிட்டது, இனி இறங்கலாம் என்று நினைப்பவர் மரணத்துள் இறங்குகின்றார்.

இதனாலேயே அவுஸ்திரேலிய மாதிரி விதிமுறைகள் இத்தகைய இடங்களுக்குள் எழுத்துமூல அனுமதியின்றி எவரும் நுழையலாகாது என்கின்றன. உள்ளே உள்ள காற்றில் ஒட்சிசன் 19.5 வீதத்துக்கும் 23.5 வீதத்துக்கும் இடைப்பட்டதாக இருத்தல் வேண்டும். வெளியே ஒருவர் இடைவிடாது கண்காணித்து நிற்றலும் வேண்டும். அவரது கடமை உள்ளே பாய்வதல்ல. உதவியை அழைத்து, முன்னரே ஒத்திகை பார்த்த முறையில் மீட்பைத் தொடங்குவதாகும். உருக்கி ஒட்டும் வேலைக்கும் இவ்வாறே தனி அனுமதி உண்டு. வேலை முடிந்த பின்னரும் ஒரு மணி நேரமளவு தீக்காவல் இருப்பது நல்ல நடைமுறையாகக் கொள்ளப்படுகின்றது. மறைந்திருக்கும் ஒரு பொறி, அனைவரும் சென்ற பின்னர் பற்றிக்கொள்ளக்கூடும்.

எனினும் பத்திரம் மாத்திரம் எவரையும் காப்பாற்றிவிடாது. 1988 ஜூலை 6 ஆம் திகதி வடகடலில் பைப்பர் அல்பா எண்ணெய் மேடை தீப்பற்றி 167 பேர் மாண்டனர். அங்கு அனுமதிப்பத்திர முறை நடைமுறையில் இருந்தது. பராமரிப்புக்காக ஒரு பம்பியின் பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்டிருந்தது. அதற்குரிய பத்திரமும் எழுதப்பட்டிருந்தது. ஆனால் அச்செய்தி இரவு வேலைக்கு வந்தோரைச் சென்றடையவில்லை. மற்றைய பம்பி நின்றுபோனதும் அவர்கள் இதனை இயக்கினர். வாயு கசிந்து வெடித்தது. கலன் பிரபுவின் தலைமையிலான விசாரணை 1990 இல் 106 பரிந்துரைகளை முன்வைத்தது. அனுமதிப்பத்திர முறையைச் சீர்செய்வதும் அவற்றுள் அடங்கும்.

பயிற்சியின்மை எத்தகைய விளைவைத் தரும் என்பதற்குப் பல்கலைக்கழகத்திலேயே உதாரணம் உண்டு. 2008 டிசம்பர் 29 ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில், காற்றுப் பட்டதும் தீப்பற்றும் இரசாயனம் ஒன்றை ஊசிக்குழாயால் எடுத்த 23 வயது ஆய்வு உதவியாளர் ஒருவர் தீக்காயமடைந்து 18 நாட்களின் பின்னர் இறந்தார். அவர் பாதுகாப்பு அங்கி அணிந்திருக்கவில்லை. உரிய பயிற்சி வழங்கப்பட்டமைக்குப் பதிவும் இருக்கவில்லை. பின்னர் பல்கலைக்கழக நிர்வாகத்தின் மீதும் ஆய்வுக்குப் பொறுப்பான பேராசிரியர் மீதும் குற்றவியல் வழக்குத் தொடரப்பட்டது. கல்விக்கூடம் என்பதால் சட்டம் கண்ணை மூடிக்கொள்ளாது என்பதை உலகம் அன்று உணர்ந்தது.

நமது நாட்டில் வேலைத்தளப் பாதுகாப்பின் அடிப்படைச் சட்டமாக விளங்கி வந்திருப்பது 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமாகும். பெயரே உணர்த்துவதுபோல், அது தொழிற்சாலைகளை மனதிற்கொண்டு இயற்றப்பட்டது. ஆனால் பேராதனை, மொறட்டுவை, கிளிநொச்சி, ஒலுவில் எனப் பல இடங்களிலும் இன்று பொறியியற் பீடங்கள் இயங்குகின்றன. அங்கு பயிலும் மாணவர்களே நாளை வேலைத்தளங்களில் கையொப்பமிடப் போகின்றவர்கள். தாம் பயிலும் வளாகத்திலேயே கயிறோ கவசமோ இன்றி ஒரு தொழிலாளி கூரையில் நடப்பதை நான்கு ஆண்டுகள் பார்த்துப் பழகியவர், தமது வேலைத்தளத்தில் வேறு எதனைக் கோருவார்?

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை என்பதே நமது கருத்தாகும். ஆபத்தான வேலைகளின் பட்டியல், பயிற்சி பெற்ற ஓர் அலுவலர், தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடப்பட்ட ஓர் எளிய படிவம், ஒரு வாயுமானி ஆகியவற்றுடன் தொடங்கலாம். ஒப்பந்தகாரரின் ஆட்களும் அதே பயிற்சிக்கும் அதே விதிக்கும் உட்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கையொப்பமிடுபவர் தமது கருமபீடத்தில் அமர்ந்து அதனைச் செய்யாமல், வேலை நடைபெறும் இடத்துக்குச் சென்று கண்ணால் கண்ட பின்னரே செய்ய வேண்டும்.

தொழிலாளியால் படிவத்தை வாசிக்க முடியாமல் இருக்கலாம். ஆனால் தனக்காக ஒருவர் வந்து குழியின் விளிம்பில் நின்று பார்த்தார் என்பதை அவர் அறிவார். அந்தக் கையொப்பம் ஓர் உயிருக்கு அளிக்கப்படும் வாக்குறுதி என்பதை நமது பல்கலைக்கழகங்கள் உணர்ந்து செயற்பட வேண்டும்.