ஆவணியில் தலக்கோனா

பாகாலா ஜங்ஷனில் ரயில் மாறும் நம்மவர்களில் பலர் திருப்பதியோடு திரும்பி விடுகிறார்கள். பாகாலாவுக்கு வடக்கே, பாகராப்பேட்டையைத் தாண்டி, சேஷாசலக் காட்டுக்குள் இருக்கிறது தலக்கோனா. சுமார் 270 அடி உயர அருவி. அருகே சித்தேஸ்வரர் கோவில்.

கோடையில் தண்ணீர் மெலிந்துவிடும். ஆவணி, புரட்டாசியில் நாலு மழை பெய்த பிறகு போனால்தான் அருவியைப் பார்த்த மாதிரி இருக்கும். ஆனால் ஜாக்கிரதை! மலைமேல் பெய்த மழை, கீழே வெயில் காயும்போதே வெள்ளமாக இறங்கிவிடும். தண்ணீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், கழற்றி வைத்த சட்டையைக்கூடத் தேடாமல் கரையேறிவிட வேண்டும். பாசிப் பாறையில் ஓடவும் முடியாது. ஐப்பசி அடைமழையில் வனத்துறையினர் தடுத்தால், தகராறு செய்யாமல் திரும்பிவிடுவதே மேல்.

கட்டுச்சோறு கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும். குரங்குகள் பங்கு கேட்கும். ஞாயிறு ஒரு நாள்தான் லீவு என்பவர்கள், திரும்பும் பஸ் நேரத்தை இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.