காத்திருந்த பிள்ளைகள் சொன்ன விடை

ஒரு பாடசாலையில் உளசமூகத் திட்டம் ஒன்று நடக்கிறது. முதல் நாள் பிள்ளைகளிடம் ஒரு வினாக்கொத்து: இரவில் கெட்ட கனவு வருகிறதா, சத்தம் கேட்டால் திடுக்கிடுகிறாயா, காரணமில்லாமல் பயம் வருகிறதா. பிறகு சில வாரங்களுக்குப் பாட்டு, வரைதல், விளையாட்டு, பேச்சு. கடைசி நாள் அதே வினாக்கொத்து. புள்ளிகள் இறங்கியிருக்கின்றன. திட்டம் வெற்றி என்று அறிக்கை எழுதி, படங்களையும் சேர்த்துக் கொடையாளருக்கு அனுப்பியாயிற்று. சுனாமிக்குப் பின்னும் போருக்குப் பின்னும் இலங்கையின் வடக்கில் வேலை செய்தவர்களுக்கு இந்த ஒழுங்கு புதிதல்ல. ஆனால் அந்தப் புள்ளிகள் ஏன் இறங்கின என்ற கேள்விக்கு இதில் விடை கிடையாது.

காலம் போனதாலேயே இறங்கியிருக்கலாம். பெரும்பாலான பிள்ளைகள் வீட்டாரோடும் கூட்டாளிகளோடும் இருந்தே மெல்லத் தேறிவிடுகிறார்கள். இன்னொன்றும் உண்டு. இத்தகைய திட்டங்களுக்குத் துன்பம் கூடிய பிள்ளைகளைத்தான் தெரிந்தெடுக்கிறோம். மிக மோசமாக இருக்கும் வேளையில் ஒருவரை அளந்தால், அடுத்த அளவு பெரும்பாலும் கொஞ்சம் குறைந்தே வரும். நாம் எதுவும் செய்யாவிட்டாலும் வரும். கேட்பவர் என்ன விடையை விரும்புகிறார் என்பதையும் பிள்ளை ஊகித்துவிடும். ஆசிரியரின் முகத்தைப் பார்த்து விடை சொல்வதில் நம் பிள்ளைகள் தேர்ந்தவர்கள்.

இந்தச் சிக்கலை நேராக எதிர்கொண்ட ஆய்வு ஒன்று போர்க்காலத்து வட இலங்கையில் நடந்தது. வீட்சே டோல் முதல் ஆசிரியர். யாழ்ப்பாணத்து உளமருத்துவர் சா. சிவயோகனும் ஆய்வாளர்களில் ஒருவர். 2012இல் ‘வேர்ல்ட் சைக்கியாட்ரி’ இதழில் அது வெளிவந்தது. எழுமாறாகத் தெரிவான பாடசாலைகளில் 1,370 பிள்ளைகளை முதற்கட்டமாகப் பரிசீலித்து, 399 பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். 199 பேருக்கு ஐந்து வாரங்களில் 15 அமர்வுகள். நடத்தியவர்கள் உளமருத்துவர்கள் அல்லர், பயிற்சி பெற்ற பணியாளர்கள். மற்ற 200 பேர் காத்திருப்புப் பட்டியலில். இரு பகுதியினரையும் தொடக்கத்திலும், அமர்வுகள் முடிந்து ஒரு வாரத்திலும், மூன்று மாதத்திலும் அளந்தார்கள்.

யார் எந்தப் பக்கம் என்பதை அதிபரோ ஆசிரியரோ தீர்மானிக்கவில்லை. எழுமாற்று முறை தீர்மானித்தது. இது வயலில் பிறந்த முறை. இங்கிலாந்தின் ரொதாம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் 1920களில் ரொனால்ட் ஃபிஷர் வகுத்தது. நல்ல மண்ணுள்ள பாத்திக்கே புது உரத்தைப் போட்டுவிட்டு உரத்தைப் புகழக்கூடாது அல்லவா? எந்தப் பாத்திக்கு உரம் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டால், மண், நீர், நிழல் என நமக்குத் தெரிந்த வேறுபாடுகளோடு தெரியாதவையும் இரு பக்கமும் ஏறக்குறையச் சமமாகப் பரவிவிடும்.

பிள்ளைகள் பாத்திகள் அல்லர். ஒரே வகுப்பில் பாதிப் பேரை மட்டும் அமர்வுக்கு அழைத்தால், இடைவேளையில் மற்றப் பாதிக்கும் அந்தப் பாட்டும் விளையாட்டும் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் பிள்ளை பிள்ளையாக அல்லாமல் கொத்துக் கொத்தாக ஒதுக்குகிறார்கள். அதற்கும் ஒரு விலை உண்டு. ஒரே பாடசாலைப் பிள்ளைகள் ஒரே சோதனைச் சாவடியைக் கடந்து வருபவர்கள், ஒரே ஷெல் சத்தத்தைக் கேட்டவர்கள். அவர்களின் விடைகளும் ஒன்றையொன்று ஒத்திருக்கும். ஆகவே 399 பேர் என்றாலும், புள்ளிவிவரக் கணக்கில் அது தனித்தனியான 399 சாட்சிகளுக்கு ஈடாகாது.

முடிவு பலருக்கு உவப்பாக இருந்திராது. மனவடு, மனச்சோர்வு, பதகளிப்பு ஆகிய மூன்று முதன்மை அளவுகளிலும், மொத்தமாகப் பார்த்தால், அமர்வுக்குப் போனவர்களுக்கும் காத்திருந்தவர்களுக்கும் இடையே வேறுபாடு தெரியவில்லை. நடத்தைப் பிரச்சினைகளில் மட்டும் திட்டத்துக்குச் சாதகமான விளைவு இருந்தது. அது வயது குறைந்தவர்களிடம் கூடுதல். மனவடுவிலும் பதகளிப்பிலும் ஆண்பிள்ளைகளுக்குப் பலன் கூடுதலாகத் தெரிந்தது. பெண்பிள்ளைகளிடம் நிலைமை தலைகீழ்: காத்திருந்தவர்களின் மனவடு அறிகுறிகள் குறைந்த அளவுக்கு அமர்வுக்குப் போனவர்களின் அறிகுறிகள் குறையவில்லை. இயல்பான தேறுதலைச் சிலரிடம் திட்டமே தடுத்திருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் ஒளிக்காமல் எழுதினார்கள்.

இதைக் கவனியுங்கள்: அமர்வுக்குப் போன பெண்பிள்ளைகளின் புள்ளிகளும் இறங்கத்தான் செய்தன. காத்திருந்தவர்களை யாரும் அளக்காமல் விட்டிருந்தால், அதே எண்கள் வெற்றி அறிக்கையில் ஏறியிருக்கும்.

ஆனாலும் அந்த முடிவை அளவுக்கு மீறி இழுக்கக்கூடாது. தரவை ஆண், பெண், வயது, அனுபவம் என்று வெட்டிக்கொண்டே போனால் எங்காவது ஒரு வேறுபாடு தற்செயலாகவும் தலைகாட்டும். பெண்பிள்ளைகள் பற்றிய இந்த முடிவு அடுத்த ஆய்வுக்கான கேள்வி. இத்தகைய திட்டங்களை மூடுவதற்கான ஆணையாக அதை எடுக்க முடியாது.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது இன்னொரு முடிவு. அன்றாடப் போர் நெருக்கீடு குறைவாக இருந்த பிள்ளைகளுக்கே மனவடுவிலும் பதகளிப்பிலும் திட்டம் கூடுதலாகக் கைகொடுத்தது. இடம் மாறினாலும் பலன் மாறுகிறது: இந்தோனேசியாவின் போசோ பகுதியில் இதே 15 அமர்வு முறையைச் சோதித்து, டோல் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வில் மனவடு அறிகுறிகள் காத்திருந்தவர்களைவிடக் கூடுதலாகக் குறைந்திருந்தன. அங்கே பலித்தது என்பதற்காக இங்கே அப்படியே இறக்குவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

எல்லாவற்றுக்கும் சீட்டுக் குலுக்க முடியாது. யார் இடம்பெயர வேண்டும் என்று எந்த ஆய்வாளரும் ஒதுக்க மாட்டார். போர் முடிந்த கையோடு, 2009 யூலை முதல் செப்டெம்பர் வரை யாழ் மாவட்டத்தில் 1,517 வீடுகளை மாதிரியாக எடுத்து நடந்த கணக்கெடுப்பில், மனச்சோர்வு அறிகுறி மொத்தத்தில் 22.2 வீதம், அப்போது இடம்பெயர்ந்திருந்தவர்களிடம் 41.8 வீதம். இடப்பெயர்வும் மனச்சோர்வும் சேர்ந்து போகின்றன என்று இதை வைத்துச் சொல்லலாம். இடப்பெயர்வா, அதற்கு முன் கண்ட இழப்புகளா, இரண்டுமா என்று பிரிக்க, ஒரு தடவை எடுத்த கணக்கெடுப்பால் மட்டும் முடியாது.

காத்திருப்புப் பட்டியலுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. உதவியை மறுக்கவில்லை, பிந்திக் கொடுக்கிறோம் என்பதுதான் அதன் அறநியாயம். ஆனால் காத்திருந்தவர்களுக்கும் அமர்வு கிடைத்த நாளோடு, ஒப்பிடுவதற்கான ஆட்கள் இல்லாமற் போகிறார்கள். டோல் குழுவினரின் வட இலங்கை ஆய்வும் மூன்று மாதம் வரைதான் பேசுகிறது. இரண்டு வருடம் கழித்து அந்தப் பெண்பிள்ளைகள் எப்படி இருந்தார்கள் என்று அறிய வேறொரு வடிவமைப்பு வேண்டும்.