இணை உணவின் தொடக்கம்: பெற்றோரின் முடிவை உருவாக்கும் காரணிகள்

பிறந்து ஆறு மாதங்கள், அதாவது 180 நாள்கள், நிறையும் வரை தாய்ப்பால் மட்டுமே. அதன்பின் தாய்ப்பாலுடன் இணை உணவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையாகும். கருவில் சேமிக்கப்பட்ட இரும்புச்சத்து ஏறத்தாழ இக்காலத்தில் குறைந்துவிடுகிறது. தாய்ப்பாலில் அச்சத்தின் அளவு சொற்பமே. எனினும், தமிழகக் குடும்பங்களில் முதல் கவளத்தின் காலத்தையும் தன்மையையும் மருத்துவ அறிவு மட்டும் தீர்மானிப்பதில்லை.

சோறூட்டும் சடங்கை ஆண் குழந்தைக்கு ஆறு, எட்டு ஆகிய இரட்டைப்படை மாதங்களிலும், பெண் குழந்தைக்கு ஐந்து, ஏழு ஆகிய ஒற்றைப்படை மாதங்களிலும் நிகழ்த்தும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. இங்கு மாதக் கணக்கே சிக்கலுக்குரியது. ‘ஆறாம் மாதம்’ என்பது வழக்கில் நடப்பு மாதத்தைக் குறிக்கும். அதன் தொடக்கத்தில் நிறைந்திருப்பவை ஐந்து மாதங்களே. ‘ஐந்தாம் மாதம்’ எனில் நான்கே. செவிலியர் கூறும் ஆறும் பாட்டி கூறும் ஆறும் ஒன்றல்ல. ஏழாம் மாதத்தில் சடங்கு நடைபெறும் பெண் குழந்தைக்கே இவ்விரு கணக்குகளும் இயல்பாகப் பொருந்துகின்றன. சடங்கன்று நாவில் வைக்கப்படும் சிறிதளவு பாயசத்தைவிட, அன்று முதல் அன்றாட ஊட்டல் தொடங்கிவிடுகிறதா என்பதே ஆய்வுக்குரியது.

பணிச்சூழல் மற்றொரு காரணி. 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதலிரு குழந்தைகளுக்கு மகப்பேறு விடுப்பு 26 வாரங்கள், அதாவது 182 நாள்கள். இவற்றுள் எட்டு வாரங்களைப் பேற்றுக்கு முன்னரே எடுத்துக்கொண்ட தாய்க்கு எஞ்சுபவை 126 நாள்களே. கூலி வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கோ இவ்விடுப்பும் இல்லை. தாய் வேலைக்குத் திரும்பியதும் கிண்ணம் பாட்டியின் கைக்கு மாறுகிறது. இதனை அறியாமை என்று கூறிக் கடந்துவிடுவது பொருந்தாது.

காலம் சரியாக அமைந்தாலும் உணவின் தன்மை வேறுபடுகிறது. செரிக்காது என்ற அச்சத்தால் சோற்றுக்கஞ்சியும் அங்கன்வாடியில் பெறும் சத்துமாவும் பால்போல் நீர்த்துக் கரைக்கப்படுகின்றன. சிறு வயிறு நீரால் நிரம்பிவிடுவதால் குழந்தை பெறும் ஆற்றல் குறைகிறது. கரண்டியைச் சாய்த்தால் உடனே வழிந்துவிடாத பதமே ஏற்றது. முட்டையும் மீனும் அன்றாடம் புழங்கும் வீடுகளிலும் குழந்தைக்கு அவை ஓராண்டுக்குப் பின்னரே அளிக்கப்படுவதுண்டு. ஆறு மாதம் நிறைந்ததும் அவற்றை மசித்துக் கொடுக்கலாம் என்பதே தற்போதைய பரிந்துரை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 6 முதல் 23 மாதக் குழந்தைகளுள் போதிய உணவு பெற்றோர் ஏறத்தாழ 11 விழுக்காட்டினரே.