வீடியோ பாடம்: பார்த்தால் போதுமா?



2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது முதல், பேரேட்டில் இருந்த நம் கணக்கு கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. பில் போடுவதையும் ரிட்டர்ன் தாக்கல் செய்வதையும் கைப்பேசியில் வீடியோ பார்த்தே கற்கலாம். மத்திய அரசின் 'ஸ்வயம்' தளத்தில் கணக்கியல் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம்.

ஆனால், இரவு ஒரு மணி நேரம் பார்த்தவர் காலையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால் கை ஓடுவதில்லை. பார்க்கும்போது புரிவது வேறு, மனத்தில் தங்குவது வேறு. மனப்பாடம் செய்ததில் பெரும்பகுதி ஒரே நாளில் மறந்துபோவதை ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ் தம்மையே சோதித்து 1885-ல் வெளியிட்டார். அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், பாடத்தையே திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது. நாம் கடைப்பிடிக்க வேண்டிய முறையும் இதுவே.

1. ஒரு நாளைக்கு ஒரு வேலையை மட்டும் கற்கவும். பத்து நிமிடப் பாடம் போதும்.

2. பார்த்து முடித்ததும் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்து, செய்முறையை வரிசையாகச் சிட்டையில் எழுதவும். விட்டுப்போனதை மட்டும் மறுபடி பார்க்கவும்.

3. டேலி போன்ற மென்பொருளில் பயிற்சிக்கென்றே வேறு பெயரில் ஒரு கம்பெனி தொடங்கி, பழைய பில்கள் பத்தைப் போட்டுப் பழகவும். தவறினாலும் அசல் கணக்கு கெடாது.

4. மறுநாளும், அடுத்த வாரமும் பாடத்தைப் பார்க்காமல் செய்து பார்க்கவும்.

கடைப் பையன்களுக்குக் கற்பிப்பதும் இப்படித்தான். வீடியோவை அனுப்பிவிட்டு, "பார்த்தாயா?" என்று கேட்டால், "பார்த்தேன் அண்ணாச்சி" என்றுதான் சொல்வான். "செய்து காட்டு" என்று கேளுங்கள். பணம் அனுப்பியதாக ஒருவர் காட்டும் படத்தை நம்பிச் சரக்கைக் கொடுத்துவிடாமல், நம் கணக்கில் வரவு ஏறியதா என்று பார்க்க அவன் பழகியாக வேண்டும். அந்தப் பழக்கம் இல்லையென்றால் நஷ்டம் நம் கல்லாவுக்குத்தான்.

மாதந்தோறும் ரிட்டர்ன் தாக்கல் செய்வோருக்கு 3பி படிவத்தின் கெடு அடுத்த மாதம் 20-ந் தேதி. தவறினால், வரி உள்ள ரிட்டர்னுக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம்; கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி வேறு. கணக்கர் ஊரில் இல்லாத நாளில் கெடு காத்திருக்காது. கணக்கரை வைத்துக்கொள்வோம், அவர் செய்வது என்னவென்று நாமும் தெரிந்துகொள்வோம்.